பெயரில் பாதி: சார்லஸ் ரோல்ஸ்

ரோல்ஸ் ராய்ஸ் என்று சொன்னால் நம் நாட்டில் உடனே ஞாபகத்துக்கு வருவது மகாராஜாக்கள்தான். லண்டன் கடையில் தம்மை மதிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, கார்களை மொத்தமாக வாங்கி வந்து ஊர்க்குப்பை அள்ள அனுப்பிய ராஜாவின் கதையைக் கேட்காத அங்கத்தினர் நம்மில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். அதே கதையை அல்வார் ராஜாவுக்கும் சொல்கிறார்கள், வேறு சில சமஸ்தானங்களுக்கும் சொல்கிறார்கள். அது கிடக்கட்டும். அந்தப் பெயரின் முதல் பாதியான ரோல்ஸ் யார் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரிவதில்லை.

நான் கல்கத்தா டம்டம்மில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்நாளில் இந்தியன் ஏர்லைன்ஸின் வைகவுண்ட், ஆவ்ரோ விமானங்களில் இருந்தவை டார்ட் எஞ்ஜின்கள். செய்தவர்கள் ரோல்ஸ் ராய்ஸ். காரில் அந்தப் பெயரைப் பார்த்தவர்கள் மத்தியில், எஞ்ஜினில் அதைத் தினமும் பார்த்துப் பழகியவன் நான். அதனால்தான் ரோல்ஸின் வாழ்க்கையைப் படித்தபோது ஒரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது. நாம் விமான எஞ்ஜின் செய்ய வேண்டும் என்று அந்தக் கம்பெனிக்குள் வற்புறுத்தியவர் அவர். அவர் உயிரோடு இருந்தவரை அது நடக்கவில்லை. அந்தக் கதையை நம் இதழின் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பிரபு வீட்டுப் பிள்ளை

சார்லஸ் ஸ்டூவர்ட் ரோல்ஸ் 1877-ம் ஆண்டு ஆகஸ்ட் 27-ம் தேதி லண்டனில், பெரிய மனிதர்கள் வசித்த பெர்க்லி சதுக்கத்தில் பிறந்தார். தகப்பனார் ஜான் ஆலன் ரோல்ஸ், பின்னாளில் லாங்காட்டக் பிரபு என்ற பட்டம் பெற்றவர். தாயார் ஜார்ஜியானா. மூன்று பிள்ளைகளில் சார்லஸ் கடைசி. எலினார் என்று ஒரு தமக்கை உண்டு. குடும்பத்தின் சொந்த ஊர் வேல்ஸ் எல்லையில் இருக்கும் மான்மத். அதன் அருகே 'தி ஹெண்ட்ரே' என்ற பெரிய மாளிகையும் அதைச் சுற்றி நிலபுலன்களும் இருந்தன.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போவார்கள், ராணுவத்தில் சேருவார்கள், பார்லிமெண்டுக்குப் போவார்கள். சார்லஸுக்கு மின்சாரத்திலும் இயந்திரத்திலும்தான் மோகம். ஈட்டன் பள்ளியில் படித்தபோதே அந்த ஆசை முற்றிவிட்டது. எப்போதும் கையில் எண்ணெயும் கரியுமாகத் திரிந்ததால் மாணவப் பருவத்தில் 'அழுக்கு ரோல்ஸ்' என்று கேலிப்பெயர் வந்தது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் இயந்திரவியல் படித்து 1898-ல் பட்டம் பெற்றார். பிறகு ஒரு நீராவிப் படகிலும், குரூ என்ற ஊரில் இருந்த ரயில்வே தொழிற்சாலையிலும் வேலை பழகினார். பிரபுவின் மகன் தொழிலாளிகளோடு நின்று வேலை கற்றது அந்த நாளில் சாதாரண விஷயம் அல்ல.

ஆள் முன்னே நடக்க, கார் பின்னே வரும்

1896-ல், 19 வயதுகூட சரியாக நிரம்பாத காலத்தில், பாரீஸுக்குப் போய் ஒரு பியூஷோ கார் வாங்கி வந்தார். கேம்பிரிட்ஜில் குடியேறிய முதல் கார் அதுதான் என்று சொல்வார்கள். அப்போது இங்கிலாந்தில் இருந்த சட்டத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். குதிரை இல்லாத வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது, அதற்கு முன்னால் ஒரு ஆள் நடந்து போக வேண்டும்! அந்த ஆண்டு நவம்பரில்தான் சட்டம் தளர்ந்து 14 மைல் வரை அனுமதி கிடைத்தது. அவ்வருஷக் கிறிஸ்துமஸுக்கு ரோல்ஸ் கேம்பிரிட்ஜிலிருந்து சொந்த ஊருக்குக் காரிலேயே கிளம்பினார். வழியெல்லாம் வண்டி பழுதாகி, நின்று நின்று, நாள்கணக்கில் ஆகித்தான் வீடு போய்ச் சேர்ந்தார். ரயிலில் போயிருந்தால் ஒரு பகலில் முடிந்திருக்கும்.

1897-ல் தொடங்கிய பிரிட்டிஷ் ஆட்டோமொபைல் கிளப்பின் ஆரம்ப உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 1900-ல் அந்தக் கிளப் லண்டனிலிருந்து எடின்பரோ வரை போய்த் திரும்பும் ஆயிரம் மைல் பரீட்சை ஒன்றை நடத்தியது. மோட்டார் என்பது பணக்காரர் பொம்மை அல்ல, நம்பிப் பயணம் போகலாம் என்று ஊர் ஊராகக் காட்டுவதுதான் நோக்கம். ரோல்ஸ் தமது 12 குதிரைசக்தி பன்ஹார்ட் காரை ஓட்டித் தங்கப்பதக்கம் பெற்றார். அதே 1900-ல் யார்க் கோமகன் ஹெண்ட்ரே மாளிகைக்கு விருந்தாளியாக வந்தபோது, அவரைக் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டியவரும் இவர்தான். அந்தக் கோமகன்தான் பிறகு ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகி, 1911-ல் டில்லி தர்பாருக்கு வந்தவர்.

பந்தயங்களிலும் ரோல்ஸ் விடவில்லை. 1903 பிப்ரவரியில் வெல்பெக் என்ற இடத்தில், போர்ட்லண்ட் பிரபுவின் எஸ்டேட் சாலையில், மோர்ஸ் என்ற பிரெஞ்சுக் காரை மணிக்கு ஏறக்குறைய 83 மைல் வேகத்தில் ஓட்டினார். உலகிலேயே அதுதான் அதிக வேகம் என்றார்கள். ஆனால் நேரம் கணக்கிட்ட முறையைப் பாரீஸ் அதிகாரிகள் ஏற்காததால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. அதே ஆண்டு மே மாதம் பாரீஸிலிருந்து மாட்ரிட் வரை நடக்கவிருந்த பந்தயத்திலும் கலந்துகொண்டார். தூசி மண்டிய சாலை, ஓரத்தில் கட்டுப்பாடில்லாத ஜனக்கூட்டம். மார்செல் ரெனோ உட்படப் பலர் இறந்துபோக, பந்தயத்தை போர்டோ நகரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வேகம் என்ன விலை கேட்கும் என்பதை ரோல்ஸ் அருகிலிருந்து பார்த்தார் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மான்செஸ்டரில் ஒரு மதியம்

1903 ஜனவரியில் தகப்பனார் கொடுத்த 6,600 பவுன் முதலில் லண்டன் ஃபுல்ஹாமில் கார் வியாபாரம் தொடங்கினார். ஆட்டோமொபைல் கிளப்பின் காரியதரிசியாக இருந்த கிளாட் ஜான்சன் என்ற கெட்டிக்காரர் கூட்டாளியாகச் சேர்ந்தார். வியாபாரம் நடந்தது. ஆனால் ரோல்ஸுக்கு ஒரு மனக்குறை. விற்றவை எல்லாம் பிரெஞ்சு, பெல்ஜியக் கார்கள். தம் நாட்டில் செய்த, இவற்றுக்கு ஈடான கார் ஒன்றுகூட இல்லையே என்பதுதான் அது.

இதே நேரத்தில் மான்செஸ்டரில் ஹென்றி ராய்ஸ் என்பவர் இருந்தார். இவரது கதை முழுக்க எதிர்த்திசை. மாவு மில் நடத்தி நொடித்துப்போன ஒருவரின் மகன். 9 வயதில் தகப்பனாரை இழந்தவர். பத்திரிகை விற்று, தந்தி கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதித்தவர். அத்தை கொடுத்த பணத்தில் ரயில்வே தொழிற்சாலையில் வேலை பழகப் போய், அந்தப் பணம் தீர்ந்ததும் பாதியில் வெளியே வந்தவர். பின் தம் முயற்சியால் டைனமோவும் கிரேனும் செய்யும் பட்டறையை நிலைநிறுத்தினார். பழைய டெகாவில் என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். அதன் குறைகள் பிடிக்காமல், தாமே ஒரு கார் செய்தார். அது 1904 ஏப்ரல் 1-ம் தேதி பட்டறையை விட்டு ஓடியது.

இருவருக்கும் பொதுவான நண்பர் ஹென்றி எட்மண்ட்ஸ். அவர் ஏற்பாட்டில் 1904 மே 4-ம் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் சந்திப்பு நடந்தது. ராய்ஸின் கார் இரண்டு சிலிண்டர் எஞ்ஜின் உள்ளது. இரண்டு சிலிண்டர் என்றாலே அதிரும், இரையும் என்பது ரோல்ஸின் தீர்மானமான அபிப்பிராயம். ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனதும் அந்த அபிப்பிராயம் போய்விட்டது. ராய்ஸ் செய்யும் கார்களையெல்லாம் தாமே விற்பதென்றும், அவை இருவர் பெயரையும் தாங்குவதென்றும் அந்த ஆண்டு டிசம்பர் 23-ம் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. 1906 மார்ச்சில் ரோல்ஸ் ராய்ஸ் லிமிடெட் பதிவாயிற்று.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ரோல்ஸுக்கு அப்போது 26 வயது, ராய்ஸுக்கு 41. ஒருவர் பிரபுவின் மகன், கேம்பிரிட்ஜ் பட்டதாரி, நாடறிந்த பந்தயக்காரர். மற்றவர் பள்ளிப் படிப்பே சரியாக இல்லாத பட்டறைக்காரர். ஜாதி இல்லாத நாடு என்று நாம் நினைக்கும் இங்கிலாந்தில் அன்றைக்கு இந்த இடைவெளி சாமான்யமானதல்ல. ரோல்ஸ் ஒரு நல்ல காரைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, அடுத்தவர் கைவேலையின் உயர்வை ஒரே மதியத்தில் ஒப்புக்கொண்டு, தம் பெயரை அதற்குப் பணயம் வைத்தார் என்பதுதான் பெரிசு என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று நாளில் நிலமும் ஆகாயமும்

புதிய காருக்குப் பெயர் வாங்கித் தரும் பொறுப்பு ரோல்ஸுடையது. 'ஐல் ஆஃப் மேன்' தீவில் நடக்கும் டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில் 1905-ல் அவர் ஓட்டிய காரின் கியர்பெட்டி உடைந்தது. ஆனால் அதே கம்பெனியின் இன்னொரு காரை ஓட்டிய பெர்சி நார்த்தி இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 27-ம் தேதி ரோல்ஸே ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 39 மைலுக்குச் சற்று அதிகம். பெட்ரோல் அளவுக்குக் கட்டுப்பாடு உள்ள பந்தயம் அது. ஆகவே வேகம் மட்டும் போதாது, சிக்கனமும் வேண்டும்.

ஜெயித்த மூன்றாம் நாள், செப்டம்பர் 30-ம் தேதி, அவர் பாரீஸில் ஒரு பலூன் கூடையில் நின்றுகொண்டிருந்தார்! கார்டன் பென்னட் பலூன் பந்தயம் முதன்முதலாக நடந்த நாள் அது. பிரிட்டனின் சார்பில் கிளம்பி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, நார்ஃபோக் பகுதியில் இறங்கினார். மொத்தம் 26 மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் இருந்தார். அதிக நேரம் பறந்ததற்கான பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

பலூன் அவருக்குப் புதிதல்ல. 1901 செப்டம்பரில் ஃபிராங்க் ஹெட்ஜஸ் பட்லர் என்ற நண்பரோடும் அவர் மகள் வேராவோடும் பலூனில் பறந்தபோது, ஆகாயத்திலேயே பேசி முடிவெடுத்து உண்டானதுதான் பிரிட்டனின் ஏரோ கிளப். ரோல்ஸ் தம் ஆயுளில் பலூனில் ஏறியது 170 தடவைக்கு மேல். தமக்கை எலினாருக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது.

கேட்டது கிடைக்கவில்லை

1906 கடைசியில் கார் விற்க அமெரிக்கா போனபோது ரைட் சகோதரர்களைச் சந்தித்தார். 1908 அக்டோபர் 8-ம் தேதி பிரான்ஸில் லெமான் அருகே வில்பர் ரைட் அவரைத் தம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறந்தார். அதன்பின் ரோல்ஸின் மனம் காரில் இல்லை.

கம்பெனியில் விமான எஞ்ஜின் ஒன்றை வடிவமைக்கும்படி ராய்ஸை வற்புறுத்தினார். ராய்ஸ் இணங்கவில்லை. அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1907-ல் 'சில்வர் கோஸ்ட்' என்ற கார் 14,371 மைல் ஓடிக்காட்டிக் கம்பெனிக்குப் பெரும் புகழ் தேடித் தந்திருந்தது. 1908-ல்தான் டெர்பியில் புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். வந்த ஆர்டரைச் செய்து கொடுக்கவே கை போதாத நேரத்தில், நூறு பேர்கூடப் பறந்திராத ஒரு தொழிலில் யார் பணத்தைப் போடுவார்கள்?

ரோல்ஸ் தாமே பறக்கப் போனார். ரைட் விமானத்தை லைசென்ஸ் பெற்றுச் செய்த ஷார்ட் சகோதரர்களிடம் முதல் விமானத்தை வாங்கினார். 1909 மே மாதம் ரைட் சகோதரர்கள் கெண்ட் கடற்கரையில் ஷெப்பி தீவிலிருந்த ஷார்ட் பட்டறையைப் பார்க்க வந்தபோது, அவர்களை சில்வர் கோஸ்ட் காரில் கூட்டிப் போனவரும் அவர்தான். 200 தடவைக்கு மேல் பறந்தார். 1910 மார்ச்சில் ஏரோ கிளப் வழங்கிய விமானி லைசென்ஸ்களில் இரண்டாம் எண் அவருடையது. கம்பெனியின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகி, பெயரளவில் டைரக்டராக மட்டும் இருந்தார்.

1910 ஜூன் 2-ம் தேதி மாலை டோவரிலிருந்து கிளம்பினார். முந்தின ஆண்டு பிளேரியோ கால்வாயைக் கடந்துவிட்டார். ஆனால் அது ஒரு வழிப் பயணம். ரோல்ஸ் பிரெஞ்சுக் கரையில் சங்காத் வரை போய், அங்கே இறங்காமல் பிரெஞ்சு ஏரோ கிளப்புக்கு எழுதிய கடிதங்களை மேலேயிருந்து போட்டுவிட்டு, அப்படியே திரும்பி டோவரில் வந்து இறங்கினார். ஏறக்குறைய 95 நிமிடம். நிற்காமல் கால்வாயைப் போக வரக் கடந்த முதல் மனிதர் அவர்தான். நம் நாட்டில், சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் தம் விமானத்தைப் பறக்கவிட்டதும் இதே 1910-ல்தான். உலகம் முழுக்க ஒரே ஜுரம்!

போர்ன்மத்

அந்த ஜூலையில் தென்கடற்கரையில் உள்ள போர்ன்மத் நகரம் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. அதன் ஓர் அங்கமாக விமானப் போட்டிகள் வைத்தார்கள். ரோல்ஸ் கொண்டுவந்தது பிரான்ஸில் செய்த ரைட் விமானம். ரைட் விமானத்தில் மேலே ஏறவும் கீழே இறங்கவும் திருப்பும் பலகை முன்பக்கத்தில் இருக்கும். அது நிலையாகப் பறப்பதற்காகப் பின்னால் வால்பலகை ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள்.

ஜூலை 12-ம் தேதி, குறித்த வட்டத்துக்குள் இறங்கும் போட்டி. பார்வையாளர் மேடைக்கு முன்னால் அந்த இடம். காற்று பலமாக வீசியது. ரோல்ஸ் சரிவாக இறங்கி வந்து, கடைசியில் விமானத்தை நிமிர்த்த முயன்றார். வால்பகுதி முறிந்தது. அதிகம்போனால் நூறு அடி உயரம்தான். பலூனில் நூற்றுக்கணக்கான மைல் போனவர், கடலைத் தாண்டி வந்தவர், ஜனங்கள் கண்முன்னே அந்தச் சிறு உயரத்திலிருந்து விழுந்து உயிரிழந்தார். 33 வயது நிறைய இன்னும் ஆறு வாரம் இருந்தது. எஞ்ஜின் பொருத்திய விமான விபத்தில் இறந்த முதல் பிரிட்டிஷ்காரர் அவர்.

என் தொழிலில் இருந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். நாங்கள் ஒரு சிறு குழாயை மாற்றினாலும், மாற்றியவர் ஒரு கையெழுத்து, சோதித்தவர் ஒரு கையெழுத்து, அதற்குமேல் சோதனை ஓட்டம் என்று இருக்கும். இளைஞனாக இருந்தபோது, ஏன் இத்தனை காகிதம் என்று எனக்கு அலுப்பாக இருந்ததுண்டு. 1910-ல் அந்தக் காகிதம் எதுவும் கிடையாது. ஒரு பாகத்தைப் புதிதாகச் சேர்த்தால் பக்கத்துப் பாகத்துக்கு என்ன சுமை ஏறும் என்று கணக்கிட்டுச் சொல்ல ஆளும் கிடையாது. ரோல்ஸ் அசட்டுத் துணிச்சல்காரர் அல்ல. ஒவ்வொரு திருகையும் தாமே பார்ப்பவர். அப்படிப்பட்டவரையே அந்தக் காலத்து அறியாமை பலி கொண்டது. இன்று நாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே டில்லிக்கும் மும்பைக்கும் பறக்கிறோம் என்றால், அந்தக் கையெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு மரணம் இருக்கிறது.

பிறகு நடந்தவை

மான்மத் அருகே குடும்பக் கோயிலான செயிண்ட் கேடக் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஊரார் அவர் உயிரோடு இருக்கும்போதே நினைவுச்சின்னம் ஒன்று வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். கையில் சிறு விமானத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுபோன்ற அந்தச் சிலை, 1911 அக்டோபரில், அவர் போன பிறகே திறக்கப்பட்டது. டோவரிலும் 1912 ஏப்ரலில் ஒரு சிலை வைத்தார்கள். அதைச் செய்தவர் தென்துருவம் போன காப்டன் ஸ்காட்டின் மனைவி காத்லீன். தம் கணவரும் ஒரு மாதம் முன்பே பனியில் மாண்டுவிட்டார் என்பது அந்த அம்மாளுக்கு அப்போது தெரியாது. 1913-ல்தான் செய்தி வந்தது.

வீட்டின் கதை இன்னும் துயரமானது. 1912-ல் தகப்பனார் காலமானார். 1916-ல் ஒரே ஆண்டில் தமையன்மார் இருவரும் போனார்கள். மூத்தவர் ஜான், சோம் போர்க்களத்தில் பட்ட காயத்தால் இறந்தார். லாங்காட்டக் பிரபு பட்டம் அத்தோடு முடிந்தது. மூன்று பிள்ளைகளையும் புருஷனையும் பறிகொடுத்த தாயார் 1923 வரை இருந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த கடற்படைத் தளபதி நெல்சனின் ஞாபகப் பொருள்கள் மான்மத் நகருக்குச் சேர்ந்தன. தமக்கை எலினார் 1919-ல் பெண் எஞ்ஜினியர்களுக்கென்று சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1961 வரை வாழ்ந்தார். அவரோடு அந்த வம்சம் நின்றது.

முதல் மகாயுத்தம் வந்தபோது ராய்ஸ் விமான எஞ்ஜினில் கை வைத்தார். 'ஈகிள்' என்று பெயர். 1919 ஜூனில் அல்காக்கும் பிரவுனும் நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டியது அந்த எஞ்ஜின்கள் இரண்டை நம்பித்தான். அதே ஆண்டுக் கடைசியில் ராஸ் ஸ்மித்தும் கீத் ஸ்மித்தும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போனபோது கராச்சி, டில்லி, அலகாபாத், கல்கத்தா என்று நம் ஆகாயத்தில் முழங்கிச் சென்றதும் ஈகிள் எஞ்ஜின்கள்தான். ரோல்ஸ் கேட்டது ஒன்பது வருஷம் கழித்து அவர் பெயரைத் தாங்கி இங்கே வந்தது. ராய்ஸ் 1933 வரை இருந்து, எஞ்ஜின் தொழிலின் உச்சத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

1971-ல் அந்தக் கம்பெனி நொடித்து, பிறகு கார் தனி, விமான எஞ்ஜின் தனி என்று பிரிந்தது. இரண்டும் இப்போது வேறு வேறு கைகளில் இருக்கின்றன. ஆனால் பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த தடவை விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார நேர்ந்தால், பேரக்குழந்தையிடம் இந்த எஞ்ஜின் யார் செய்தது என்று கேட்டுப் பாருங்கள். பல பெரிய விமானங்களில் பதில் ரோல்ஸ் ராய்ஸ் என்று வரும். ராய்ஸ் செய்தவர், ரோல்ஸ் கேட்டவர் என்று சொல்லிக் கொடுங்கள். கேட்டவருக்கும் அந்தப் பெயரில் பாதி நியாயமாகச் சேர வேண்டியதுதான்.